அலமாரிக்குள் ஒலித்த வேதம்
வாஷிங்டன் மாநில ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்



'தெய்வ பயமுள்ள கிறிஸ்தவக் குடும்பம்' என்பது அமெரிக்கச் சிற்றூர்களில் யாரும் சரிபார்க்காத ஒரு நற்சான்றிதழ். நிறையப் பிள்ளைகள், வீட்டிலேயே பள்ளிப்பாடம், பெற்றோர் சொல் தட்டாத ஒழுங்கு, இவை கண்ணில் பட்டால் அக்கம்பக்கத்தார் மேற்கொண்டு கேட்பதில்லை. அப்படிப்பட்ட வீடொன்றில் சாவு விழுந்துவிட்டால் அதே பெயர் மறுநாளே வசையாகிவிடும். அப்போது பிரம்பைத் தொட்டேயறியாத கிறிஸ்தவப் பெற்றோரும் சேர்ந்து ஏச்சு வாங்குகிறார்கள். முந்தைய மரியாதையும் பிந்தைய வசையும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை.

மேதகு ஆளுநரின் மாநிலத்திலேயே, ஸ்கேஜிட் மாவட்டத்துச் செட்ரோ-வூலி ஊரில் நடந்தது இது. பெற்ற பிள்ளைகள் ஏழு பேர் இருந்த ஒரு வீட்டுக்கு 2008-இல் எத்தியோப்பியாவிலிருந்து ஒரு சிறுமியும் காது கேளாத ஒரு சிறுவனும் தத்துப் பிள்ளைகளாக வந்தார்கள். எல்லாருக்கும் படிப்பு வீட்டில்தான். சிறுமி அடங்காதவள் என்பது பெற்றோரின் தீர்ப்பு. அதற்காகத் தலைமுடியை மழித்தார்கள். பிளாஸ்டிக் குழாயால் அடித்தார்கள். மற்றவர்கள் மேசையில் உண்ணும்போது அவளுக்கு ஆறிய மிச்சமும் உறைந்த காய்கறியும் கொடுத்தார்கள். வீட்டுக் கழிப்பறை அவளுக்கு மறுக்கப்பட்டது. முற்றத்தில் நிறுத்திய தற்காலிகக் கழிப்பறையே கதி. கொட்டகையில் படுத்தாள், குளியலறையில் படுத்தாள், துணி வைக்கும் அலமாரி அறைக்குள் பூட்டப்பட்டாள். அந்த இருட்டுக்குள் கிடந்தவளுக்கு வேதாகம ஒலிப்பதிவையும் கிறிஸ்தவப் பாடல்களையும் வெளியிலிருந்து ஒலிக்கவிட்டார்கள். ஆன்மாவுக்கு உணவு தடையில்லாமல் போனது.

2011 மே 12-ஆம் தேதி, குளிரில் மணிக்கணக்கில் வெளியே நின்ற சிறுமி வீட்டின் பின்முற்றத்தில் விழுந்து இறந்தாள். உடல் வெப்பம் குறைந்ததே சாவுக்குக் காரணம். ஊட்டக்குறைவும் இரைப்பை அழற்சியும் துணைக்காரணங்கள் என்றது மருத்துவ அறிக்கை. வழக்கு நடந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. துன்புறுத்திக் கொன்ற குற்றம் பொருந்த வேண்டுமானால் இறந்தவருக்கு 16 வயது நிரம்பியிருக்கக் கூடாது. அவளுடைய பிறந்த நாளுக்கோ நம்பகமான சான்றில்லை. ஆகவே புதைத்த உடலைத் தோண்டியெடுத்து வயதைச் சோதித்தார்கள். கொட்டகையில் கிடந்தவரை மாநிலத்தின் கண்ணில் படாதவள், மண்ணுக்குள் போன பிறகு எலும்புவரை ஆராயப்பட்டாள். 2013-இல் தாய்க்கு ஏறத்தாழ 37 ஆண்டும், தந்தைக்கு ஏறத்தாழ 28 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. சிறுவனைத் தாக்கிய குற்றமும் அதில் அடக்கம்.

அந்த வீட்டில் ஒரு புத்தகம் இருந்தது. டென்னசியைச் சேர்ந்த மைக்கேல் பேர்ல், டெபி பேர்ல் தம்பதியர் எழுதி 1994-இல் வெளியிட்ட 'டு டிரெயின் அப் எ சைல்ட்'. 2011-க்குள் அது ஆறு லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிருந்தது. தலைப்பு நீதிமொழிகள் 22:6-இலிருந்து எடுத்தது. அடியாத மாடு படியாது என்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு அதன் போக்கு புதிதல்ல. பேர்ல் தம்பதியர் காட்டும் உவமை கோவேறு கழுதை, கருவி கால் அங்குலக் குழாய். கோபத்தில் அடிக்கக் கூடாது, காயப்படுத்தக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. நடந்த சாவுக்குத் தம் புத்தகம் பொறுப்பல்ல என்று பேர்ல் மறுத்திருக்கிறார். மறுக்கட்டும். பணியும்வரை அடியை நிறுத்தாதே என்ற போதனை, பணிய மறுக்கும் பிள்ளையிடம் எங்கே போய் முடியும் என்பது கேட்காமலே விளங்கும்.

எல்லாக் கிறிஸ்தவர்களின் போதனையும் இதுவல்ல. ஐக்கிய மெதடிஸ்ட் சபை 2004-இலேயே பிள்ளைகளை அடிப்பதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. வீட்டிலும் பிள்ளையை அடிக்கக் கூடாதென்று உலகிலேயே முதலில், 1979-இல், சட்டம் செய்த சுவீடனில் அன்று அரசுச் சபையாக இருந்தது லுத்தரன் சபை. எனவே, அடியைத் தடுத்தால் மத உரிமையில் கைவைத்ததாகும் என்ற சாக்கு, சாக்காகவே நிற்கிறது.

ஆளுநர் மாளிகைக்கு இவையெல்லாம் புதுச்செய்தி அல்ல. தத்துப் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2012-இலேயே மாநில அரசின் கைக்கு வந்துவிட்டது. பட்டினி போடுவதும் பிறர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பதும் திரும்பத் திரும்ப வருவதை அது காட்டியது. வீட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் ஒரு தேர்வோ மதிப்பீடோ உண்டு. அதன் முடிவுத் தாள் பெற்றோரின் மேசைக்குள் இருந்தால் போதும். பிள்ளையை நேரில் பார்க்க எந்த அதிகாரிக்கும் கடமையில்லை. பார்க்காதவரை குற்றமும் இல்லை. நிர்வாகத்துக்கு இதைவிட வசதி ஏது?

பெற்றோர் செய்யக் கூடாதவற்றுக்கு மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் பிரிவு எண்ணை ஆளுநருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உதைப்பது, எரிப்பது, வெட்டுவது, மூடிய முஷ்டியால் குத்துவது, மூச்சை அடைப்பது எல்லாம் அதில் உண்டு. பட்டியல் முழுமையானதல்ல என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. மிதமான அடிக்கு இடமும் தருகிறது. அலமாரிப் பூட்டு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டினி இல்லை. கால் அங்குலக் குழாயும் இல்லை.