மஹரைக் கேட்கிறோம், விசாவைக் கேட்கிறோமா?

வேலூர் லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் மகளுக்குச் சென்ற மாதம் அமெரிக்க மாப்பிள்ளை பேசினார்கள். படிப்பு, சம்பளம், தொழுகை, குடும்பம் என யாவற்றையும் தீர விசாரித்தவர், "அவர் அந்நாட்டுக் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா?" என்று நான் கேட்டதும் தயங்கினார். "கிரீன் கார்டு என்றுதான் தரகர் சொன்னார். இரண்டும் ஒன்றுதானே பாய்?" என்றார்.

இரண்டும் ஒன்றல்ல. குடிமகனின் மனைவிக்கு வழங்கப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மனு ஏற்கப்பட்டு, மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்தால் அவள் புறப்படலாம். கிரீன் கார்டு மட்டும் உள்ளவரின் மனைவியோ, ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரையறுத்த வரிசையில் நிற்க வேண்டும். அவ்வரிசை சில காலம் குறுகும், சில காலம் ஆண்டுக்கணக்கில் நீளும். நிக்காஹ் முடிந்து பத்தாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். கணவன் இல்லாத புகுந்த வீட்டில் மாமியாருக்குத் துணையாகக் காத்திருப்பவள் நம் மகள். (தரகருக்கு உரியது நிக்காஹ் அன்றே கைக்கு வந்துவிடும். விசா என்று வந்தால் அவருக்கென்ன?)

மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காதபோது தொலைபேசியில் நிக்காஹ் நடத்தும் வழக்கமும் பரவியிருக்கிறது. மார்க்க அடிப்படையில் அதுபற்றி ஆலிம்கள் பேசட்டும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டமோ, மணமக்கள் இருவரும் ஓரிடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் அவர்கள் நேரில் கூடி இல்லறம் தொடங்கினாலன்றி, விசாவுக்கு உரிய திருமணமாக ஏற்பதில்லை.

அடுத்தது பதிவு. ஜமாஅத் தஃப்தரில் கையொப்பமிட்டதோடு கடமை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சமயத்தாரின் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியுள்ளது. 90 நாள்களுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்துடன் 150 நாள் வரை அவகாசம் உண்டு. தஃப்தரில் ஒரு முஹம்மது, ஆதாரில் வேறொரு முஹம்மது, பாஸ்போர்ட்டில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்றிருந்தால், அதைச் சரிசெய்ய நேர்காணலுக்கு முந்திய வாரத்தில் அலைவதைவிட நிக்காஹுக்கு முந்திய மாதத்தில் அலைவது எளிது.

இவையெல்லாம் தாளும் நேரமும் சார்ந்தவை. என்னை உறுத்துவது வேறொன்று. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையுமுன் குடியேறும் மனைவிக்குக் கிடைப்பது இரண்டே ஆண்டுக்கான நிபந்தனைக்குட்பட்ட வசிப்புரிமைதான். போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அட்டை காலாவதியாகும் முன்னுள்ள 90 நாள்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து கையொப்பமிட்டு மனுச் செய்தால்தான் நிபந்தனை நீங்கும். நல்ல கணவன் கையில் அது வெறும் கையொப்பம். கொடுமைக்காரன் கையிலோ, "கையெழுத்துப் போடமாட்டேன், ஊருக்குப் போ" என்று மிரட்டும் சாட்டை. அந்த மிரட்டலுக்கு அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுண்டு. மெய்யான எண்ணத்தோடு மணந்தவள் என்று காட்ட முடிந்தால், மணமுறிவு ஏற்பட்டபோதும், கொடுமைக்கு உள்ளானபோதும் கணவன் கையொப்பமின்றித் தனியே மனுச் செய்ய அதே சட்டம் வழிவிட்டிருக்கிறது. விமானம் ஏறுமுன் இதை மகளுக்குச் சொல்லி அனுப்புவது தகப்பனின் பொறுப்பு என்பேன்.

மனைவியை அழைக்கும் கணவன், தன் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாது என்று காட்டி, அவளைத் தாங்குவதாக உறுதிப்பத்திரமும் எழுதித் தர வேண்டும். மணமுறிவோடு அக்கடப்பாடு தீர்ந்துவிடாது. அவள் குடியுரிமை பெறும்வரையோ, சுமார் பத்தாண்டு உழைப்பு அவள் கணக்கில் சேரும்வரையோ, நாட்டை விட்டு நீங்கும்வரையோ நீடிக்கும். நஃபகாவைப் பற்றி மேடைதோறும் பேசும் நம்மில் எத்தனை பேருக்கு இப்படியொரு பத்திரம் இருப்பது தெரியும்?

விசாவுக்காகவே ஒரு நிக்காஹ், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்நாட்டில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. பின்னாளில் மெய்யாகவே ஒரு குடிமகனை மணந்தாலும் அவர் வழியே வசிப்புரிமை கிட்டாது. சட்டத்தை விடுங்கள், அல்லாஹ்வைச் சாட்சியாக்கிச் செய்யும் உடன்படிக்கையை நுழைவுச்சீட்டாக்குவது எனக்கு அருவருப்பாகவே தோன்றுகிறது.

"மாப்பிள்ளை வீட்டாரிடம் காகிதங்களைக் கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகாதா?" என்று நண்பர் வினவினார். திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆவது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி பணிப்பது அது. பணத்துக்கே அவ்வளவு கவனம் கேட்ட மார்க்கத்தில், மகளின் வாழ்வைப் பற்றி நான்கு கேள்வி கேட்பது எப்படி அநாகரிகமாகும்?

நண்பர் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு நிறைய இன்னும் எட்டு மாதம் இருப்பதாகவும், குடியுரிமைக்கு அதன்பின் விண்ணப்பிக்கப் போவதாகவும் தானே அழைத்துச் சொன்னார். நிக்காஹை இப்போதே முடித்துவிடலாமா, அதுவரை பொறுக்கலாமா என்று பெரியவர்கள் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள்தான் மகளைக் கேட்கத் தோன்றியது. "காத்திருப்பதென்றால் என் வாப்பா வீட்டிலேயே காத்திருக்கிறேன்" என்றாளாம்.