மேனி மாறிய மணலும் மலையக மாணவரும்

ராகலையிற் கொழுந்து பறிப்போர் நம்மவர். அதன் குணத்தை அளந்தறிவோரும் நம்மவராதல் வேண்டும். அவ்வாறு அளத்தற்குக் கருவியாவது, மேனி மாற்றப்பட்ட சிலிக்கா. சிலிக்காவின் மேற்பரப்பிலுள்ள ஐதரொட்சில் கூட்டங்கள் நீரை ஈர்ப்பன. மெதைல் குளோரோசிலேன் ஆவி அதிற் படின், ஐதரசன் குளோரைட்டு வாயு நீங்க, மெதைல் கூட்டங்கள் பிணைந்து, அப்பரப்பு நீரை விலக்கும். அமெரிக்கரான பற்னோட் இம்முறைக்கு 1942இல் காப்புரிமை பெற்றார். இதற்கு இனமான முறையிற் பீனைல் கூட்டங்கள் பிணைத்த சிலிக்காத் துணிக்கைகள் நிறைந்த குழாய்வழியே தேயிலையின் கற்றெக்கின்களைப் பிரித்தளக்கும் சர்வதேச நியமம் 2005இல் வெளிவந்தது.

இவற்றை ஏட்டில் மட்டும் பயின்றாற் கை பழகாது. ஆதலின், யூபிலி நினைவாக மண்டபம் எழுப்புவதினும், உயர்தர மாணவர்க்கு இரசாயன ஆய்வுகூடம் அமைத்தலே தகுமென்பது எமது துணிபு. பழைய மாணவர் பொருள் உதவுக. பயன் மலையகமெங்கும் விளையும்.