தூங்குற கார்டைத் தட்டி எழுப்புங்க!



ஆவடியில இருந்து தினமும் என்கூட காலேஜ் பஸ்ல வர்ற நண்பன், போன வெள்ளிக்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஏறினான். ‘‘மச்சி, லேப்டாப் அவுட்டுடா. அசெம்ப்ளியைத் திருப்பினா ஸ்லோமோஷன்ல வருது. திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ. புதுசு வேணும்னு வீட்ல எப்படிடா கேட்பேன்?’’

அந்த லேப்டாப்பே அவங்க அம்மா வளையலை அடகு வெச்சு வாங்கினது. இன்னும் மீட்கலை.

வாங்கிப் பார்த்தேன். உள்ளே என்விடியா கார்டு ஜம்முனு இருக்கு. ஆனா, சாலிட்வொர்க்ஸ் அதைத் தொடவே இல்லை!

மேட்டர் இதுதான். இந்த மாதிரி லேப்டாப்ல ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். ஒண்ணு, பிராசஸரோட ஒட்டிப் பிறந்தது. மெயின் ரேமையே பங்கு போட்டுக்கும், கரன்ட் கம்மியா இழுக்கும். இன்னொண்ணு, சொந்த மெமரியோட தனியா இருக்கிற கார்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்க, தேவைப்படும்போது மட்டும் பெரிய கார்டை எழுப்புற டெக்னிக்கை 2010-ல் ‘ஆப்டிமஸ்’ங்கிற பேர்ல என்விடியா கொண்டு வந்தது. எது தேவைன்னு முடிவு பண்றது டிரைவரும் விண்டோஸும். அந்தக் கணக்கு சில சமயம் தப்பும். டெப்போவுல காலி பஸ் நிக்க, நாம ஃபுட்போர்டுல தொங்குற கதைதான்!

உங்க மெஷின்ல எப்படின்னு தெரியணுமா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல ரெண்டு ஜிபியூ பேரும் இருக்கும். மாடலைச் சுழற்றிக்கிட்டே எந்த கிராஃப் ஏறுதுன்னு பாருங்க. பெரிய கார்டு பூஜ்யத்துலயே படுத்திருந்தா, திருடன் அகப்பட்டான்!

வைத்தியம் சிம்பிள். முதல்ல சார்ஜரை மாட்டுங்க. விண்டோஸ் 10, 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ்னு வரிசையா போங்க. உங்க டிசைன் சாஃப்ட்வேரை அந்தப் பட்டியல்ல சேர்த்து, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்க. சாஃப்ட்வேரை மூடித் திறங்க. அவ்ளோதான்!

சாஃப்ட்வேருக்குள்ளயும் ஒரு பூட்டு இருக்கலாம். சாலிட்வொர்க்ஸ்ல எல்லா ஃபைலையும் மூடிட்டு, சிஸ்டம் ஆப்ஷன்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் பாருங்க. ‘யூஸ் சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல்’ல டிக் இருந்தா எடுத்துடுங்க. அது இருந்தா படம் வரையற வேலை மொத்தமும் பிராசஸர் தலையில விழும். டிக்கை எடுக்க முடியாம மங்கலா இருந்தா, கார்டு டிரைவரைப் புதுசாப் போட்டுப் பாருங்க. ஆட்டோகேடா? ‘கிராஃபிக்ஸ்கான்ஃபிக்’னு கமாண்ட் அடிச்சு, ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை ஆன் பண்ணுங்க.

டெஸ்க்டாப்ல இதைவிடக் காமெடி நடக்கும். 1964-ல் ஆரம்பிச்ச அம்பத்தூர் எஸ்டேட்ல, ஒரு சின்ன டூல் ரூமுக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். ‘‘கார்டு போட்டும் இழுக்குதுப்பா’’ன்னு டிசைனர் அண்ணா புலம்பினார். ஓனர் சார் புது மெஷினுக்கு கொட்டேஷனே வாங்கி வெச்சிருந்தார். பின்னாடி எட்டிப் பார்த்தா, மானிட்டர் கேபிள் மதர்போர்டுல சொருகியிருக்கு! யுஎஸ்பி ஓட்டைங்க கூட்டத்துக்கு நடுவுல இருந்தா அது மதர்போர்டு. கீழே தனியா படுத்திருக்கிறதுதான் கார்டு. மெஷினை ஆஃப் பண்ணிட்டு கேபிளை மாத்தினோம். கொட்டேஷன், டீ கிளாஸுக்கு அடியில போயிடுச்சு!

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். கார்டு சர்வரோக நிவாரணி இல்லை. மாடலைத் திருப்புறது, நிழல், பளபளப்பு... இதெல்லாம் கார்டோட ஏரியா. ஒரு அளவை மாத்தினதும் மாடல் திரும்பக் கணக்குப் போட்டு உருவாகுது பாருங்க, அது பெரும்பாலும் பிராசஸர் வேலை. அதுவும் அநேகமா ஒரே ஒரு கோர்லதான் ஓடும். அங்கே இழுத்தா கார்டைத் திட்டாதீங்க. ரேம் நிறைஞ்சிருக்கான்னு பாருங்க, மாடல்ல தேவையில்லாத நட்டு, போல்ட், மரையைக் குறைங்க.

அதனால, வீட்ல கை நீட்டறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல ஒரு நிமிஷம் செலவு பண்ணுங்க. அந்த ஒரு நிமிஷம், ஒரு ஜோடி வளையலுக்குச் சமம்.

திங்கட்கிழமை என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? நம்மாளு மாடல் வழுக்கிக்கிட்டு சுத்துச்சு. கைடு கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் ஸ்லோமோஷன்ல வந்துச்சு. அதுக்கெல்லாம் செட்டிங்ஸ் இல்லை பாஸ், படிக்கணும்!