கருணையா கேட்டார்கள்?

1969ஆம் ஆண்டு பாரதத்தில் 14 வங்கிகள் தேசவுடைமையாயின. பின்னர் கிராமங்களிற் கிளை திறந்து, கமக்காரருக்கும் கடன் வழங்கிய அவ்வங்கிகளின் லிகிதர்கள் இன்று நரைத்த முதியோர். சேவையிலிருப்போரின் சம்பளம் ஒப்பந்தந்தோறும் உயர்கின்றது. இவர்களது அடிப்படை ஓய்வூதியமோ இளைப்பாறிய நாளில் நின்றபடியே நிற்கின்றது. பஞ்சப்படி ஏறுகின்றது, உண்மைதான். ரிசர்வ் வங்கியில் இளைப்பாறியோருக்கு 2019இற் கிடைத்த திருத்தம் இவர்களுக்கு ஏன் இல்லை? 2024ஆம் ஆண்டு ஒப்பந்தம் ‘கருணைத் தொகை’ என ஒன்றை நீட்டியது. ஓய்வூதியம் எசமானின் தயவன்று, செய்த சேவைக்குரிய கொடுப்பனவு என்று நகாரா வழக்கில் 1982ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டதே! அதே மன்றத்தின் வாயிலிலேதான் இவர்கள் தவணைக்குமேல் தவணையாகக் காத்திருக்கின்றனர். ஒவ்வொரு தவணைக்கும் வழக்காளிகளின் தொகை குறைகின்றது. தீர்ப்பு எதுவாயினும் விரைந்து வழங்குக என்பதே எமது வேண்டுகோள்.