அசைவும் ஓசையும்

கலைஞனின் உடலசைவைக்கொண்டே மின் கிற்றாரின் ஓசையை ஆளும் கருவிகள் இன்று இளைஞர் கைகளை எட்டியுள்ளன. விரலில் அணியும் மோதிரம் போன்றதொரு சிறு கருவி, கையின் சாய்வையும் அசைவையும் உணர்ந்து கம்பியின்றியே அறிவிக்கிறது. அமைத்த வகைக்கேற்பக் கை உயர ஓசை கூர்மையுறும், தாழ மழுங்கும். எம் மாணாக்கன் ஒருவன் இதனை ஆர்வத்துடன் விளக்கியபோது, "இது வித்தையா, வேடிக்கையா?" என்று கடிந்து வினவினேன். அவ்வினா முறையற்றதென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

இம்முயற்சி புதிதன்று. 1920ஆம் ஆண்டளவில் ரஷ்ய அறிஞர் லெவ் தெரமின், தொடாமலே இசைக்கும் கருவியொன்றை ஆக்கினார். அதன் ஒரு கொம்பை அணுகும் கை சுருதியையும், மற்றையதை அணுகும் கை ஒலியளவையும் மாற்றும்.

மின் கிற்றாரில், காந்தச் சுருளின் அருகே உருக்குத் தந்தி அதிர மின்னோட்டம் பிறக்கிறது. அது பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் முழங்குகிறது. அம்முழக்கமே மீண்டும் தந்தியை அதிரச் செய்யின், ஓசை ஓயாது நீளும். கலைஞன் ஓரடி முன்வைப்பினும், சற்றே திரும்பினும் அதன் தன்மை வேறாகும். குறையென்று கருதப்பட்ட இம்மீள்முழக்கத்தை ஜிமி ஹென்றிக்ஸ் இசையாக ஆண்டார். 1969இல் வூட்ஸ்ரொக் விழாவில் அவர் வாசித்த அமெரிக்கத் தேசிய கீதமே அதற்குச் சான்று. 1967இல் விற்பனைக்கு வந்த 'வா-வா' மிதியும், பாதத்தின் அசைவால் ஓசையின் நிறத்தை மாற்றுவதேயாம்.

ஆதலின் கருவியைப் பழித்தல் தகாது. ஆயினும் ஓர் இடர் உண்டு. மோதிரம் அணிந்த கையே தந்தியை மீட்டவும் வேண்டும். மீட்டும் அசைவும் ஓசையை மாற்றும் அசைவும் ஒன்றோடொன்று கலப்பின் குழப்பமே எஞ்சும். எனவே, இக்கருவியைப் பயில்வோன் அசையக் கற்பதற்குமுன் அசையாதிருக்கக் கற்றல் வேண்டும். கட்டுப்பாட்டைத் தளர்த்துவதுபோலத் தோன்றும் கருவி, உண்மையில் மிகுந்த கட்டுப்பாட்டையே வேண்டி நிற்கிறது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிப்பதும் விரலின் அசைவே. அது கண்ணுக்குச் சிறிது, செவிக்கோ பெரிது.

கல்லூரி மேடையில் இதற்கு இடமளிக்கலாமா எனச் சிலர் ஐயுறுகின்றனர். அளிக்கலாம் என்பதே என் துணிபு. ஒரு நிபந்தனை மாத்திரம் உண்டு: கண்ணை மூடிக் கேட்போனுக்கும் அவ்வசைவின் பயன் புலப்படல் வேண்டும். புலப்படாவிடின் அஃது ஆட்டமேயன்றி இசையன்று.

பழைய மாணவ அன்பர்களே, புதியது கண்டவிடத்து முதலில் கடிந்து, பின்னர்க் கேட்பது எம்போன்றோர் வழக்கமாகிவிட்டது. அவ்வொழுங்கை மாற்றிக்கொள்வோம். நான் கடிந்த மாணாக்கனை மீண்டும் அழைத்துள்ளேன். அவன் வாசிப்பான், நான் கண்ணை மூடிக் கேட்பேன்.