பூவுக்குத் தனி விமானமா? முதலில் வேண்டியது குளிர் அறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மானாவாரிப் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கரிசலில் கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பருத்தி, கொத்தமல்லி விதைப்பவர்களே இங்கு அதிகம். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் உள்ளவர்கள் கால் ஏக்கர், அரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறார்கள். வீட்டுச் செலவுக்கு அன்றாடம் காசு தருவது அந்தப் பூதான். வரத்து பெருகும் கோடையில் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் போவதும் அதே பூதான். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு கோரிக்கை எழுகிறது: மதுரையிலிருந்து பூவுக்கென்று தனிச் சரக்கு விமானம் விட்டால் என்ன?

கோரிக்கையில் உள்ள வேதனை நியாயமானது. ஆனால் விமானம் வரும் என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்கிப் பூச்செடி நடுவதற்கு முன், சிறிய சரக்கு விமான நிறுவனம் எப்படி நடக்கிறது, எதனால் நொடிக்கிறது என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம்.

ஒரு ஜோடி மாடும் ஒரு விமானமும்

ஒரே ஜோடி மாடு வைத்திருப்பவர் பாடு கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். பருவத்தில் ஒரு மாடு நொண்டினால் உழவு நின்றுவிடும். மாடு உழுதாலும் படுத்தாலும் தீவனம் வைத்தாக வேண்டும். இரண்டு, மூன்று விமானங்களை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனத்தின் நிலையும் இதுதான். ஒரு விமானம் பழுதுபார்க்க நின்றால் அன்றைய கால அட்டவணையே குலைகிறது. விமானம் பறக்காவிட்டாலும் வாடகைத் தவணை, விமானிகள் சம்பளம், பொறியாளர் சம்பளம், காப்பீட்டுத் தொகை ஆகியவை நிற்பதில்லை.

இத்தொழிலில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இரவுதான் பகல். மாலையில் சரக்கைச் சேர்த்து, எடை போட்டு, விமானத்தின் முன்பாகத்தில் எவ்வளவு, பின்பாகத்தில் எவ்வளவு என்று கணக்கிட்டு ஏற்றி, விடிவதற்குள் வேறு ஊரில் இறக்க வேண்டும். வண்டியில் பாரம் முன்பின்னானால் மாட்டின் கழுத்து நோகும். விமானத்தில் அது உயிருக்கே ஆபத்து. எனவே கடைசி நேரத்தில் வந்த நாலு பெட்டியை எப்படியாவது திணிக்கும் வேலை அங்கு நடவாது.

செலவில் பெரும்பங்கு எரிபொருளுக்குப் போகிறது. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வரவில்லை, மாநிலங்கள் மதிப்புக் கூட்டு வரி விதிக்கின்றன. இதற்கு மேல் ரிட்டர்ன் லோடு சிக்கலும் உண்டு. லாரிக்காரர் ரிட்டர்ன் லோடு இல்லாமல் திரும்பினால் டீசல் காசு நஷ்டம். விமானம் காலியாகத் திரும்பினால் அந்த நஷ்டம் பல மடங்கு. மதுரையிலிருந்து பூ போகலாம். திரும்பி வரும்போது எதை ஏற்றி வருவது?

நடந்த கதைகள்

இவை வெறும் கற்பனை அச்சங்கள் அல்ல. சென்னையிலிருந்து கிரசன்ட் ஏர் கார்கோ என்ற நிறுவனம் 2004-ல் ஃபோக்கர் 50 ரகச் சிறு விமானங்களைக் கொண்டு சரக்குப் போக்குவரத்தைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் அது நின்றுபோயிற்று.

அடுத்தது விவசாயிகள் தங்களவராகக் கருதத்தக்க ஒருவரின் முயற்சி. கேப்டன் கோபிநாத் ராணுவத்திலிருந்து விலகி, கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் விவசாயமும் பட்டுப்புழு வளர்ப்பும் செய்தவர். அதற்காக 1996-ல் ரோலெக்ஸ் விருது பெற்றவர். 2003-ல் ஏர் டெக்கான் மூலம் சாதாரண மக்களை விமானம் ஏற வைத்தார். அவரே 2009-ல் நாகபுரியை மையமாக வைத்து டெக்கான் 360 என்ற சரக்கு நிறுவனத்தைத் தொடங்கினார். ஏர்பஸ் 310 ரகப் பெரிய விமானங்களும் ஏ.டி.ஆர். ரகச் சிறிய விமானங்களும் பறந்தன. 2010-ல் ரிலையன்ஸ் நிறுவனம் அதில் பங்கு வாங்கியது. அப்படியிருந்தும் 2011-ல் அதன் விமானங்கள் நின்றுவிட்டன. அனுபவமும் துணிவும் முதலும் இருந்தும், வரவு செலவைத் தாங்கவில்லை.

மாறாக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996-ல் பறக்கத் தொடங்கி இன்றுவரை நிலைத்திருக்கிறது. காரணம் எளிது. அதன் தாய் நிறுவனம் கூரியர் தொழில் செய்கிறது. எனவே ஒவ்வோர் இரவும் லோடு உறுதி. எடை குறைந்த, மதிப்பு மிகுந்த பார்சல்களுக்கு நல்ல வாடகையும் கிடைக்கிறது. விமானம் இருப்பதால் லோடு வரவில்லை; லோடு இருந்ததால் விமானம் நிலைத்தது. இந்தப் பாடம்தான் முக்கியம்.

பூவின் கணக்கு

இனி மல்லிகைக்கு வருவோம். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 3,500 கிலோ பூ கிடைக்கும். இது பெரும்பாலும் மார்ச் முதல் அக்டோபர் வரை, சுமார் 240 நாட்களில் வருவது. சராசரியாக நாளொன்றுக்கு ஏக்கருக்கு 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏ.டி.ஆர். 72 ரகச் சரக்கு விமானம் சுமார் 8 டன் ஏற்றும். அதை நிரப்ப ஏறத்தாழ 550 ஏக்கர் பூவும் ஒரு கிலோகூட உள்ளூர் மண்டிக்குப் போகாமல் தினமும் விமான நிலையம் வர வேண்டும். கவாத்து முடிந்து பூ அருகிப்போகும் மார்கழி, தை மாதங்களில் விமானம் எதை ஏற்றும்? அந்த மாதங்களில் உள்ளூர் விலையே உச்சத்தில் இருக்க, விவசாயி பூவை ஏன் விமானத்துக்குக் கொடுப்பார்?

வாடகைக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமானத்தில் எடைக்கு மட்டும் காசு கேட்பதில்லை. அடைக்கும் இடத்துக்கும் கேட்கிறார்கள். பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்துக் கிடைப்பது ஒரு எடை. அதுவா, தராசு எடையா, எது கூடுதலோ அதற்கே வாடகை. 60க்கு 40க்கு 40 அளவுள்ள தெர்மோகோல் பெட்டியில் பூவும் ஐஸ் ஜெல் பையும் சேர்ந்து 10 கிலோ இருந்தாலும் 16 கிலோவுக்குக் கட்ட வேண்டும். பூ லேசானது, ஆகவே அதன் வாடகை கனமானது.

மிளகாய் வற்றல், கொத்தமல்லி, உளுந்து போன்றவற்றுக்கு விமானமே தேவையில்லை. நான்கு வழிச் சாலையும் தூத்துக்குடித் துறைமுகமும் அருகில் இருக்கின்றன.

அப்படியானால் வழி என்ன?

தனி விமானம் இல்லாவிட்டால் வான்வழியே இல்லை என்பதல்ல பொருள். பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில் சரக்கு ஏற்றும் இடம் இருக்கிறது. அந்த விமானம் எப்படியும் பறக்கப் போகிறது. அதன் செலவைப் பூ மட்டும் தாங்க வேண்டியதில்லை. ஒரு நாள் 300 கிலோ, மறுநாள் 200 கிலோ என்றாலும் அனுப்பலாம். 2020-ல் நோய்த்தொற்றால் பயணிகள் விமானங்கள் நின்றபோது சரக்கு எவ்வளவு தவித்தது என்பதே அந்த இடத்தின் அருமையைக் காட்டியது. சிறு விவசாயிக்கு ஏற்ற விமானம் இதுவே.

விமானம் விட்டால் விளைச்சல் தானே பெருகும், ஓசூர் ரோஜா அப்படித்தான் வளர்ந்தது என்று சிலர் வாதிடுவார்கள். ஓசூர் விவசாயிகள் ரோஜாவுக்கென்று தனி விமானம் வைத்துக்கொள்ளவில்லை. பசுமைக்குடில், குளிர் அறை, குளிர்பதன வண்டி ஆகியவற்றோடு பெங்களூரிலிருந்து பறக்கும் விமானங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மல்லிகை மொட்டு விடியுமுன் பறிக்கப்பட்டு, அன்று மாலையே மலர்ந்துவிடும். இடைப்பட்ட நேரம்தான் விவசாயியின் மூலதனம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் ஒரு மணி நேரப் பயணம். தூரம் ஒரு தடையல்ல. பறித்த பூ வெயிலில் சாக்கில் கிடப்பதே தடை. மொட்டு மலர்வதற்குள் அதைக் குளிர வைத்தாக வேண்டும். ஆகவே கேட்க வேண்டியவை இவை:

பூ விளையும் கிராமங்களுக்கு நடுவே, காலை ஏழு மணிக்குள் பூ வந்து சேரும் தொலைவில், சிறிய குளிர் அறையும் தரம் பிரிக்கும் கூடமும் வேண்டும். விமான நிலையத்திலும் பூ வெயில் காணாமல் காத்திருக்க இடம் வேண்டும். கிரிஷி உடான் திட்டம் 2020-ல் தொடங்கி 2021-ல் விரிவாக்கப்பட்டது. அதில் முன்னுரிமை மலைப்பகுதி, வடகிழக்கு, பழங்குடிப் பகுதிகளுக்கே. வறண்ட மாவட்டங்களின் பூவும் காய்கறியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

விவசாயிகள் பக்கமும் கடமை உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, வாரத்துக்கு இத்தனை கிலோ தருவோம் என்று ஒப்புக்கொண்டால், உள்ளூர் விலை ஏறிய நாளிலும் அந்தச் சொல்லைக் காக்க வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் கவாத்து செய்யாமல் பிரித்துச் செய்தால் பூ ஒரே நாளில் குவிவது ஓரளவு குறையும். கிணற்று நீர் தாங்கும் அளவுக்கு மேல் பூ நடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் இருக்கிறது, மணம் இருக்கிறது. இல்லாதது காலையிலேயே கிடைக்கும் குளிர்ச்சி. மேகம் திரண்டதைப் பார்த்துக் கரிசல் விவசாயி விதைப்பதில்லை. மண்ணில் ஈரம் இறங்கியதைத் தோண்டிப் பார்த்த பிறகே விதைக்கிறார். விமானப் பேச்சிலும் அதே நிதானம் வேண்டும்.