கேட்பதும் காதில் விழுவதும்

"எந்நேரமும் பாட்டுத்தான் கேட்கிறேன்" என்கிறார்கள் இளைய நண்பர்கள். நான் நம்புவதில்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடந்தான். பிறகு எழுந்துபோய்த் திருப்பிப்போட வேண்டும். அந்தச் சிரமமே கவனத்தைக் காத்தது.

1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கோயில் வீதி மணலில் குந்தியிருந்து கேட்ட தலைமுறை, தனியாவர்த்தனத்தின்போது கச்சான் கொறித்தவரை முறைத்துப் பார்த்தது. அவருடைய ஒலிப்பதிவு இன்று சமையலறையில் கிறைண்டரோடு மல்லுக்கட்டுகிறது. வேலையோடு வேலையாகக் கேட்டால் என்ன குறை என்பீர்கள். கணக்குத் தவறாமல் தீர்மானம் வந்து விழும் இடத்தில் நீங்கள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதுதான் குறை.

நானும் யோக்கியனல்லன். வானொலியை ஒலிக்கவிட்டபடி ஆண்டுக்கணக்காகச் செய்தி திருத்தியவன். அப்பாடல்களில் ஒன்றின் சரணமாவது நினைவில் இருக்கிறதா என்று நேற்றுத் தேடிப் பார்த்தேன். இல்லை.